கண்கட்டிக்கு ஒரு கெடு

மேலிமையில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு வீக்கம் எழும்புகிறது. முதல் நாள் நாமக்கட்டியை உரசிப் பூசுகிறோம். சுட்டுவிரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து இமைமேல் வைத்துச் சூடு காட்டுகிறோம். ‘உடம்புச் சூடுதான், வேறொன்றுமில்லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் நாளும் வீக்கம் வற்றாவிட்டால் தெருமுனை மருந்துக்கடை. ‘கண்ணுல கட்டி, ஒரு டிராப்ஸ் குடுங்க’ என்று கேட்டால், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சின்னக் குப்பி ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. ஊற்றிய நாலு நாளில் சிவப்பு இறங்குகிறது. கட்டி மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு குப்பி வாங்குகிறோம். இப்படியே ஐந்தாறு மாதம் ஓடிவிடுகிறது. கண்கட்டிக்கு உள்ள சிகிச்சைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த ஆய்வுகளைப் படித்தால், இந்தக் குப்பிக்குத்தான் ஆதாரம் ஆகக் குறைவு என்பது தெரிகிறது. வெந்நீர் ஒத்தடம் ஓரளவு பயன் தருகிறது. ஊசியும் சிறு அறுவையும் நன்றாகவே பயன் தருகின்றன. ஆகவே கட்டி தோன்றிய உடனே ஒத்தடத்தைத் தொடங்க வேண்டும், அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும், கெடு தாண்டினால் கண் மருத்துவரிடம் ஊசியா கத்தியா என்று பேசி முடிவெடுக்க வேண்டும். இடையில் இந்தக் கலவைச் சொட்டு மருந்துக்கு வேலையில்லை என்பது என் வாதம்.

கண்கட்டி என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பது இரண்டு வெவ்வேறு கோளாறுகளை. இமையோரத்தில், முடிக்கால்களை ஒட்டிச் சிவந்து, தொட முடியாமல் வலித்து, இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகச் சீழ்முனை காட்டுவது ஒன்று. இது கிருமித்தொற்று. நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உடைந்து ஆறிவிடுவதும் பெரும்பாலும் நடப்பதுதான். மற்றது, இமையோரத்திலிருந்து சற்றுத் தள்ளி, வலியில்லாமல், தோலுக்கு அடியில் ஒரு மணி புதைந்ததுபோல் நிற்கும். விரலால் நகர்த்தினால் தோல் அதன்மேல் வழுக்கும், மணி அசையாது. மருத்துவர்கள் இதைக் கலேசியன் என்பார்கள். ஆலங்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இமைக்குள்ளே குருத்தெலும்பு போல விறைப்பான ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டுக்குள் மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் எண்ணெய்ச் சுரப்பிகள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கின்றன. 1666இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயரால் இவற்றை மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடாமல் மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்துவது இவை சுரக்கும் எண்ணெய். ஒரு சுரப்பியின் வாய் அடைத்துவிட்டால் எண்ணெய் வெளியேற வழியின்றி உள்ளேயே கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் அழற்சித் திசுவை எழுப்பிக் கட்டுகிறது. அந்த மூட்டைதான் கலேசியன். முதல் வகைக் கட்டி சரியாக ஆறாமல் இரண்டாம் வகையாக மாறுவதும் உண்டு. ஆனால் மாறிய பிறகு அதற்குள் கிருமியின் ஆட்சி முடிந்துவிட்டது. வாரக்கணக்கில் வலியில்லாமல் நிற்கும் கட்டிக்குக் கிருமிக்கொல்லி ஊற்றுவது அணைந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

ஒத்தடத்தின் நியாயமும் இந்த உடற்கூற்றிலிருந்தே பிறக்கிறது. மார்கழிக் காலையில் நெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் இறங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஓடிவரும். சுரப்பியின் வாயை அடைத்திருக்கும் எண்ணெயும் அப்படித்தான். நம்மிடையே உள்ள ‘சூட்டுக்கட்டி’ என்ற நம்பிக்கை இங்கே குறுக்கே நிற்கிறது. சூட்டால் வந்ததற்கு மேலும் சூடா என்று குளிர்ந்த நீரையும் வெள்ளரித் துண்டையும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விரலைத் தேய்த்து வைத்த பாட்டிமார்கள் சரியான திசையில்தான் போனார்கள். அந்தச் சூடும் அந்த நேரமும் போதாது என்பதுதான் குறை. நாமக்கட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. காயும்போது தோலை இறுக்கிப் பிடிப்பதால் ஏதோ வேலை நடப்பதுபோல் தோன்றுகிறது. அடைப்பு இருப்பதோ தகட்டுக்குள்ளே. பூச்சு அங்கே போய்ச் சேராது. உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தால் உறுத்தல்தான் மிச்சம்.

ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் கொடுத்தது ஒத்தடமே அல்ல. ஈரத்துணி காற்றுப்பட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். துணியை ஒருமுறை நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருந்தால், எட்டு நிமிடம் ஆறிய துணிதான் கண்மேல் கிடக்கிறது. இரண்டு சுத்தமான கைக்குட்டைகள் வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றினால் இதமாகச் சுடுகிற, கையை இழுக்க வைக்காத அளவு வெந்நீர் வேண்டும். ஒன்று இமைமேல் இருக்கும்போது மற்றது நீரில் இருக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. முடித்த கையோடு, மேலிமையில் கட்டி என்றால் மேலிருந்து கீழாகவும், கீழிமையில் என்றால் கீழிருந்து மேலாகவும், இமையோரத்தை நோக்கி விரல் நுனியால் மெதுவாக வழித்துவிட வேண்டும். உருகிய எண்ணெய் வெளியேற வேண்டிய வாசல் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நசுக்கக் கூடாது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல் என்பதால், கொதிக்கும் நீரும் சுட்ட மிளகாய் ஒத்தடமும் கட்டியை விட்டுவிட்டுத் தோலைத்தான் புண்ணாக்கும்.

இப்படி ஒழுங்காகக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கரையும்? இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, அந்த வேறுபாட்டில்தான் நமக்குத் தேவையான பதிலும் இருக்கிறது. லண்டன் கண் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு 136 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குக் கட்டிக்குள் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குக் கீறிச் சுரண்டி எடுக்கும் சிறு அறுவை, மூன்றாம் பிரிவுக்கு ஒத்தடம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களில் 84 சதவீதத்தினருக்கும், அறுவை செய்தவர்களில் 87 சதவீதத்தினருக்கும், ஒத்தடம் கொடுத்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும் கட்டி மறைந்திருந்தது. 2018இல் வெளியான, 149 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வில் ஒத்தடம் மட்டும் கொடுத்தவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான் கட்டி முழுவதும் கரைந்தது. ஒன்று பாதிக்குச் சற்றுக் குறைவு என்கிறது, மற்றது ஐந்தில் ஒன்று என்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒத்தடமே பயனற்றது என்பவர்களும் உண்டு, ஒத்தடமே போதும் என்பவர்களும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஆய்வுக்குள்ளேயே இருக்கும் ஒரு கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரைந்த கட்டிகள் சராசரியாக ஒன்றரை மாதம் பழையவை; கரையாதவை இரண்டு மாதத்தைத் தாண்டியவை. ஆக, ஒத்தடம் வேலை செய்யுமா என்று கேட்பதைவிட எப்போது தொடங்கினோம் என்று கேட்பதுதான் பொருத்தம். புதிய கட்டிக்குள் இருப்பது இளகக்கூடிய எண்ணெயும் இளம் அழற்சியும். நாள்பட்ட கட்டியைச் சுற்றி நார்த்திசு சுவர் எழுப்பிவிடுகிறது. வெந்நீரால் அந்தச் சுவரைக் கரைக்க முடியாது. கட்டி தோன்றியதிலிருந்து இரண்டு மாதம் என்ற கெடு இந்த அடிப்படையில்தான் நியாயமாகிறது. அதில் முதல் நாலைந்து வாரங்கள் மிக மதிப்புள்ளவை. நாமோ அந்த வாரங்களைத்தான் குப்பிகளிடம் கொடுத்துவிடுகிறோம்.

அதே 2018ஆம் ஆண்டு ஆய்வு சொட்டு மருந்தையும் சோதித்தது. ஒத்தடத்தோடு டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தபோது 16 சதவீதம். டோப்ராமைசினோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த மருந்தைச் சேர்த்தபோது 18 சதவீதம். வெறும் ஒத்தடத்தின் 21 சதவீதத்தோடு ஒப்பிட்டால் புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து சேர்த்ததால் ஒரு பயனும் கூடவில்லை. ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டால் 84 சதவீதத்தினருக்குக் கரைகிறதே, அதே ஸ்டீராய்டு சொட்டாகப் போனால் ஏன் கரையாது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஊசி மருந்தைக் கட்டியின் நடுவிலேயே கொண்டுபோய் வைக்கிறது. அது வாரக்கணக்கில் அங்கேயே தங்கிக் கரைகிறது. சொட்டு, கண்ணின் மேற்பரப்பில் விழுகிறது. சில நிமிடங்களில் கண்ணீரோடு மூக்கின் வழி வடிந்துவிடுகிறது. கட்டியோ விறைப்பான தகட்டுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. மேலே உள்ள சிவப்பைக் குறைக்கும் அளவுக்குத்தான் சொட்டு எட்டுகிறது. ஆபத்தும் இங்கிருந்துதான் வருகிறது. சிவப்பு குறைவதைக் கட்டி குறைவதாக எடுத்துக்கொண்டு வாங்கியதையே திரும்பத் திரும்ப வாங்குகிறோம். ஸ்டீராய்டுச் சொட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து ஊற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஓரளவு கூடும். சிலருக்கு வெகுவாக ஏறும். வலிக்காது. பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்ல அழிந்துபோன பிறகே தெரியவரும். பார்வை நரம்பில் ஏற்பட்ட அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. நீண்ட நாள் ஊற்றினால் கண்புரையும் வரும். தானாகக் கரையக்கூடிய, உயிருக்கும் பார்வைக்கும் தீங்கற்ற ஒரு கட்டிக்காக இந்தச் சூதாட்டம் எதற்கு? ஸ்டீராய்டு மருந்துகள் இந்தியச் சட்டப்படி ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ளவை; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்டால் குப்பியும் கிடைக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்ணுக்கான ஸ்டீராய்டுச் சொட்டுகளை மட்டுமாவது தனியாக எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

வலியும் சீழுமாக வரும் முதல் வகைக் கட்டிக்காவது ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று கேட்பார்கள். தொற்று இமையைத் தாண்டிப் பரவினால் கட்டாயம் வேண்டும். இமை முழுவதும் சிவந்து வீங்குவது, காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல், கண் முன்னுக்குத் தள்ளுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சொட்டு போதாது, மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். ஆனால் ஓரத்தில் சின்னதாகச் சீழ்கட்டி நிற்கும் சாதாரணக் கட்டிக்கு நிலைமை வேறு. இமையின் உட்புறம் வரும் சீழ்க்கட்டிக்கு அறுவையல்லாத சிகிச்சைகள் எவ்வளவு பயன் தருகின்றன என்று ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, நம்பத்தக்க ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றே முடித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் தேடினார்கள், முடிவு மாறவில்லை. ஒத்தடத்துக்கும் இந்த வெறுமை பொருந்தும் என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். பயன் நிரூபிக்கப்படாத இரண்டில், செலவில்லாததும் சேதமில்லாததுமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அறிவு.

மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும், அதை இலேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. வெகுதூரம் பஸ் ஏறி வந்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற ஒருவரிடம், வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அவர் வேறு மருத்துவரிடம் போவார், அல்லது கடைக்குப் போவார். இது உண்மைதான். மில்லில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண் மூன்று வேளை ஒத்தடம் எப்படிக் கொடுப்பாள் என்பதும் உண்மையான கேள்வி. இதற்குப் பதில், ஒத்தடத்தையும் ஒரு மருந்தைப் போலவே சீட்டில் எழுதுவது: காலை எழுந்ததும், வேலை முடிந்து வந்ததும், படுக்கும் முன், ஒவ்வொரு முறையும் இத்தனை நிமிடம், இன்ன தேதிக்குள் கரையாவிட்டால் இன்ன கிழமை வர வேண்டும். கூட ஒரு செவிலியர் கைக்குட்டையை நனைத்து ஒருமுறை செய்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. தேதி எழுதிய சீட்டோடு போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. வரவேண்டிய நாள் தெரிந்தவருக்கு நடுவில் குப்பி தேடும் பதற்றமும் குறையும்.

கெடு தாண்டிய பிறகு ஊசியா கத்தியா? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கின்றன. லண்டன் ஆய்வைப் போலவே 2011இல் வெளியான மற்றோர் ஒப்பீட்டிலும் இரண்டுக்கும் வெற்றி எண்பது சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒரே ஒரு முறை மட்டும் என்று வைத்தால் கத்தி ஊசியை முந்தியது. ஊசிக்குச் சாதகமான காரணங்கள் கண்கூடானவை. வலி குறைவு, நேரம் குறைவு, கண்ணைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதில்லை. கட்டி இமையின் மூக்கோரத்தில், கண்ணீர் வடியும் துளைக்குப் பக்கத்தில் இருந்தால் கத்தி அந்தக் குழாயைக் காயப்படுத்தக்கூடும். அங்கே ஊசியே மேல். ஒரே இமையில் நாலைந்து சிறு கட்டிகள் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கருந்தோலுக்கும் ஊசியில் ஒரு குறை உண்டு, அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு பட்ட இடத்தில் நிறம் வெளுத்துவிடலாம். வெள்ளைத் திட்டாக மருந்துத் துகள் தேங்கி நிற்கலாம். அடியிலுள்ள கொழுப்பு சுருங்கி லேசான பள்ளம் விழலாம். வெளுப்பு பெரும்பாலும் மாதங்களில் மாறிவிடும் என்றாலும், கல்யாண வயதிலிருக்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ அந்த மாதங்கள் சிறியவை அல்ல. இமையைப் புரட்டி உட்புறம் வழியாகப் போட்டால் இந்த ஆபத்து குறைகிறது. ஊசி மருந்து இரத்தக் குழாய்க்குள் புகுந்து விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிட்ட அரிதான நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மிக மிக அரிது. ஆனாலும் கைதேர்ந்த கண் மருத்துவரிடம் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு அது போதிய காரணம். ஒளிப்பாய்ச்சும் கருவிகளைக் கொண்டு கட்டியைக் கரைக்கிறோம் என்ற விளம்பரங்களும் இப்போது தலைகாட்டுகின்றன. கருந்தோலில் அவற்றால் தீக்காயமும் நிறமாற்றமும் வரும் வாய்ப்பு கூடுதல். முதல் தேர்வாக எடுக்கும் அளவுக்கு அவற்றுக்கு ஆதாரம் இல்லை.

கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணையே அறுக்கப்போகிறார்கள் என்று பயந்து ஓராண்டு, இரண்டாண்டு கட்டியோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பது என்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கண்ணில் மரப்புச் சொட்டு விடுகிறார்கள், இமையில் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி குத்தும் சில நொடிகள்தான் உண்மையான வலி. பிறகு வளையம் வைத்த ஒரு சிறு இடுக்கியால் கட்டியைச் சுற்றிப் பிடித்து இமையைப் புரட்டுகிறார்கள். இடுக்கியின் மறுபக்கத் தகடு தோலுக்கும் கத்திக்கும் நடுவில் அரணாக நிற்கிறது. வளையம் இரத்தத்தையும் கட்டுப்படுத்துகிறது. இமையின் உட்புறத்தில், சுரப்பிகள் ஓடும் திசையிலேயே செங்குத்தாகச் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். பக்கத்துச் சுரப்பிகள் அறுபடாமல் இருக்கத்தான் அந்தச் செங்குத்து. உள்ளிருந்து மஞ்சளும் சாம்பலும் கலந்த, கூழ் போன்ற பொருள் பிதுங்குகிறது. கிண்ணம் போன்ற முனையுள்ள சிறு கரண்டியால் அறையைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். தையல் இல்லை. வெளியே தழும்பும் இல்லை. கால் மணி நேர வேலை. சில மணி நேரம் கண்ணைக் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்துவிடலாம். இரத்தம் இளகுவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. 1819இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை உட்பட, கண் அறுவைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் இது அன்றாடச் சிகிச்சை.

சிறு குழந்தைகள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. அவர்கள் அசையாமல் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால் அறுவைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கட்டிக்காக முழு மயக்கம் என்பது யோசிக்க வேண்டிய விலை. எனவே அவர்களுக்குக் கெடுவைத் தாராளமாக நீட்டலாம். நீட்டக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மேலிமையில் பெரிய கட்டி கருவிழியை அழுத்தினால் அதன் வளைவு மாறிப் பார்வை கலங்கும். இமை தொங்கிக் கண்மணியை மறைக்கவும் செய்யும். ஏழெட்டு வயதுக்குள், மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் பருவத்தில், இது மாதக்கணக்கில் நீடித்தால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாக மாறக்கூடும். குழந்தை தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவி பார்க்கிறதா என்பதை வீட்டிலிருப்பவர்கள்தான் கவனிக்க முடியும்.

வயதானவர்களுக்குக் கெடு இன்னும் கறாராக இருக்க வேண்டும். இங்கேதான் ஊசி, கத்தி என்ற ஒப்பீடே தலைகீழாகிறது. கலேசியன் உருவாகும் அதே எண்ணெய்ச் சுரப்பியில் ஒரு புற்றுநோயும் உருவாகிறது. தொடக்கத்தில் அது கலேசியனைப் போலவே, வலியில்லாத உருண்டையாகத்தான் இருக்கும். மேலைநாடுகளில் இமைப் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான். அதனால் அங்கு எழுதப்பட்ட பாடநூல்களில் இதற்கு ஓரமான இடமே உண்டு. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 2019இல் வெளியிட்ட, 536 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் இமைப் புற்றுநோய்களில் 53 சதவீதம் இந்த வகை. நம் நாட்டில் இதுதான் முதலிடம். இமைக்கட்டி உள்ள எல்லோரையும் புற்றுநோய் என்று பயமுறுத்துவது சரியா என்று கேட்கலாம். சரியல்ல. கலேசியன் என்று அறுத்து எடுத்த 1,060 கட்டிகளைக் கனடாவில் நுண்ணோக்கியில் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், புற்றாக இருந்தவை நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. இளைஞர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, எடுத்த இடத்திலேயே கட்டி மறுபடி வந்தால், கட்டிக்கு நேரே இமைமுடி உதிர்ந்திருந்தால், இமையோரம் தடித்துப் புண்ணாகியிருந்தால், ஒரே ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்தபடி இருந்தால், அவருக்கு ஊசி கூடாது. ஸ்டீராய்டு, புற்றைச் சுற்றியுள்ள அழற்சியைத் தற்காலிகமாக வற்ற வைக்கும். கட்டி சிறுத்தது போலக் காட்டும். சோதிக்க ஒரு துணுக்குத் திசுவும் கையில் மிஞ்சாது. சொட்டு மருந்து செய்யும் ஏமாற்றும் இதேதான், இன்னும் நீண்ட நாளைக்கு.

கத்தி வைத்தால் திசு கிடைக்கிறது. கிடைத்ததைக் குப்பைத் தொட்டியில் போடுவதா, ஆய்வகத்துக்கு அனுப்புவதா என்பதில்தான் நம் மருத்துவமனைகளின் வழக்கம் இன்னும் உறுதிப்பட வேண்டும். கூழாக வந்ததை அனுப்பினால் மட்டும் போதாது. சுவரிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும். செலவு கூடும், ஆய்வகங்களின் சுமை கூடும் என்பது உண்மை. எல்லாக் கட்டியையும் அனுப்பச் சொல்லவில்லை. வயது கூடியவர்களுடையதும், திரும்பி வந்ததும், பார்வைக்கு வழக்கத்துக்கு மாறாக இருப்பதும் போனால் போதும். நாளொன்றுக்கு ஓர் அறுவை அறையிலிருந்து ஒன்றிரண்டு குப்பிதான் போகும். கைவிரல் உயரப் பிளாஸ்டிக் குப்பி, அதில் பாதிவரை ஃபார்மலின், அடியில் கடுகு போல ஒரு துணுக்கு, மேலே ஒட்டிய தாளில் பெயரும் வயதும் எந்த இமை என்பதும். ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை வாங்க வர வேண்டிய தேதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.